தோட்டக் கேள்வி–பதில்: மரச்சில்லு மண்ணுக்கு மேலா, உள்ளேயா?

கேள்வி: பக்கத்து மரத்தைக் கழித்தவர்கள் கிளைகளை இயந்திரத்தில் விட்டுச் சில்லாக்கிக் குவித்துவிட்டுப் போனார்கள். வீணாக வேண்டாமே என்று பத்துக் கூடைச் சில்லைத் தக்காளிப் பாத்தியில் கொட்டி, ஒரு சாண் ஆழத்துக்குக் கொத்திக் கலந்தேன். மூன்று வாரத்தில் செடிகளின் வளர்ச்சி நின்று, அடி இலைகள் மஞ்சளாகிவிட்டன. சில்லில் நஞ்சு ஏதும் இருந்திருக்குமா?

பதில்: நஞ்சு இருந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு, உங்கள் செடிகளுக்கு வந்திருப்பது பசி. அடி இலை முதலில் மஞ்சளாவது தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், குறைந்திருப்பதன் அடையாளம். சத்துப் போதாதபோது செடி தன் பழைய இலைகளிலிருந்து தழைச்சத்தை உருவிக் கொழுந்துக்கு அனுப்புகிறது. கொழுந்து வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்திருந்தால் இரும்புச்சத்தைச் சந்தேகித்திருப்பேன்.

காய்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி கரிமம். தழைச்சத்தோ, பட்டை நீங்கிய தண்டு மரத்தில் பெரும்பாலும் நூற்றுக்கு 0.1 அல்லது 0.2 பங்கு அளவிலேயே இருக்கிறது. அதாவது ஒரு பங்கு தழைச்சத்துக்கு 250 முதல் 500 பங்கு வரை கரிமம். அந்த மரத்தைத் தின்று சிதைக்கிற நுண்ணுயிர்களின் உடலில் இந்த விகிதம் ஏறத்தாழ ஒன்றுக்கு எட்டுதான். தின்ற கரிமத்தில் பெரும்பகுதியை அவை மூச்சாக வெளியே விட்டுவிடுவதால், ஒன்றுக்கு 25 என்ற அளவில் உணவு கிடைத்தால் போதும். அதற்கும் மேல் கரிமம் மிகுந்திருந்தால், குறைகிற தழைச்சத்தைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. செடியின் வேரும் நுண்ணுயிரும் ஒரே பந்தியில் உட்காரும்போது முந்திக்கொள்வது நுண்ணுயிர்தான். நீங்கள் சில்லைக் கொத்திக் கலந்ததன் மூலம், வேர் இருக்கும் இடத்திலேயே அந்தப் பந்தியை விரித்துவிட்டீர்கள்.

இது நிரந்தர இழப்பு அல்ல. நுண்ணுயிர்கள் மடிய மடிய, அவை பிடித்துவைத்த தழைச்சத்து மண்ணுக்கே திரும்பும். ஆனால் அதற்குள் தக்காளிப் பருவம் முடிந்துவிடும் என்பதுதான் சிக்கல். இப்போது சில்லைப் பொறுக்கி எடுக்க முயல வேண்டாம், வேர் அறுபடும். ஒரு சதுர மீட்டருக்கு 10 கிராம் யூரியாவைப் பத்து லிட்டர் நீரில் கரைத்து, வாரம் ஒரு முறை, இரண்டு மூன்று வாரங்களுக்கு ஊற்றுங்கள். யூரியா வேண்டாம் என்பவர்கள் நன்றாக நீர்த்த சாணக் கரைசலை இன்னும் அடிக்கடி கொடுக்கலாம். மஞ்சளான இலை பச்சையாகத் திரும்புமா என்று பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். புதிதாக வரும் இலையின் நிறத்தைப் பாருங்கள்.

நானும் இதைச் செய்தவன்தான் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நான் கலந்தது சில்லுகூட அல்ல, மரத்தூள். தூளின் மேற்பரப்பு பல மடங்கு அதிகம் என்பதால் பசியும் அந்த அளவுக்குக் கடுமையாக இருந்தது. அந்தப் பாத்தியின் கத்தரிச் செடிகள் பருவம் முழுவதும் முழங்கால் உயரத்தைத் தாண்டவில்லை.

கேள்வி: அப்படியானால் மண்ணின் மேலே மூடாக்காகப் பரப்பினாலும் தழைச்சத்தை உறிஞ்சிக்கொள்ளுமே? எத்தனை அங்குலம் போடலாம்?

பதில்: மேலே பரப்பினால் அந்தப் பந்தி நடக்கிற இடம் சில்லும் மண்ணும் தொட்டுக்கொள்கிற மெல்லிய அடுக்கு மட்டுமே. செடிகளும் மரங்களும் உணவெடுக்கும் வேர்கள் அதற்குக் கீழே இருக்கின்றன. அங்கே தழைச்சத்து குறைவதில்லை. அந்த மெல்லிய அடுக்கில் ஏற்படும் பஞ்சத்தால் நமக்கு இலாபமும் உண்டு: மண்ணின் மேற்பரப்பில் விழுந்து முளைக்கிற களை விதைக்கு வெளிச்சமும் கிடைப்பதில்லை, சத்தும் கிடைப்பதில்லை. இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் இந்த ஒரே குழப்பத்தைச் சுமந்து வருகின்றன. ஒரே சில்லு, மேலே கிடந்தால் போர்வை. உள்ளே புதைந்தால் போட்டியாளி.

கனத்தைப் பொறுத்தவரை, சொரசொரப்பான சில்லாக இருந்தால் 8 முதல் 10 செ.மீ., அதாவது மூன்றிலிருந்து நான்கு அங்குலம் போடுங்கள். 5 செ.மீ.க்குக் குறைந்தால் ஈரம் காக்குமே ஒழிய களையை அடக்காது. ஒரு கன மீட்டர் சில்லு பத்து சதுர மீட்டர் இடத்துக்கு 10 செ.மீ. கனம் தரும், சில மாதங்களில் அது படிந்து இறங்கிவிடும் என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். மரத்தூள் மட்டும் இருக்கிறதென்றால் இரண்டு மூன்று செ.மீ.க்கு மேல் வேண்டாம். நனைந்து காய்ந்ததும் அது அப்பளம்போல் ஏடு கட்டி நீரையும் காற்றையும் தடுக்கும்.

பரப்பும் முன் மண்ணை நன்றாக நனைத்துவிடுங்கள். காய்ந்த மண்ணின் மேல் போர்வை போர்த்தினால் வறட்சியைத்தான் பாதுகாத்து வைத்திருப்பீர்கள். சிறு தூறலும் பூவாளி நீரும் பல நேரம் சில்லோடு நின்றுவிடும். மேலே ஈரமாகத் தெரிகிறது என்று நம்பாமல், சில்லை விலக்கி விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். சொட்டுநீர்க் குழாய் இருந்தால் அது சில்லுக்குக் கீழே கிடக்கட்டும்.

மரத்தின் தூரை ஒட்டிச் சில்லைக் குவிக்கும் பழக்கத்தை விடுங்கள். பார்ப்பதற்கு ஒழுங்காக இருக்கிறது என்பதற்காகப் பலரும் எரிமலை போல் கூம்பாகக் கட்டிவிடுகிறார்கள். வேரின் தோல் ஈரத்துக்குப் பழகியது, அடிமரத்தின் பட்டை அப்படியல்ல. எப்போதும் நனைந்தே இருந்தால் அழுகும். எலி வந்து மறைவாகப் பட்டையைக் கொறிக்கவும் அது வசதி. தூரைச் சுற்றி ஒரு சாண் இடம் வெறுமையாக இருக்கட்டும். நடுவே பள்ளமும் சுற்றிலும் மேடுமாக, வடை போன்ற வடிவம்தான் சரி.

கோரையையும் அறுகையும் இது அடக்குமா என்று நீங்கள் அடுத்துக் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: அடக்காது. கிழங்கிலிருந்தும் தண்டிலிருந்தும் கிளம்புகிற களை, சேர்த்து வைத்த உணவின் பலத்தில் மூடாக்கைத் துளைத்துக்கொண்டு வரும். ஆனால் பொலபொலவென்ற சில்லில் அதைப் பிடுங்குவது எளிது.

கேள்வி: மூடாக்குப் போட்டால் கரையான் வரும், வீட்டு நிலைக்கதவு வரை ஏறும் என்று பயமுறுத்துகிறார்கள்.

பதில்: கரையான் மண்ணில் ஏற்கெனவே இருப்பது. சில்லைத் தேடித் தொலைவிலிருந்து வருவதைவிட, சில்லு காக்கிற ஈரத்தையும் நிழலையும் பயன்படுத்திக்கொள்வதே அதன் வழக்கம். ஆகவே கட்டடச் சுவரிலிருந்து ஓர் அடியாவது வெறும் மண்ணாக விட்டு, அந்த இடைவெளியில் மண்பாதை ஏறுகிறதா என்று அவ்வப்போது பாருங்கள். தோட்டத்தின் நடுவில் கரையான் சில்லைத் தின்றால் தின்றுவிட்டுப் போகட்டும்; நாம் செய்ய நினைத்த வேலையைத்தான் அது செய்கிறது. உயிருள்ள இளஞ்செடியின் தண்டை அரிக்கத் தொடங்கினால் மட்டும் அந்த இடத்துச் சில்லை விலக்கிவிடுங்கள்.

கேள்வி: சில்லைக் கிளறினால் உள்ளே வெள்ளை நூல் நூலாக இருக்கிறது. ஒரு நாள் காலையில் மேலே மஞ்சளாக, யாரோ வாந்தி எடுத்துவைத்ததுபோல் ஏதோ கிடந்தது. நோயா? மருந்து அடிக்க வேண்டுமா?

பதில்: மருந்தைக் கையில் எடுக்காதீர்கள். வெள்ளை நூல் பூஞ்சையின் இழை. மரத்துக்கு உறுதி தருகிற லிக்னின் என்ற பொருளை முழுமையாகச் சிதைக்கத் தெரிந்தவை மிகச் சிலவே. அவற்றில் முதன்மையானவை இந்தப் பூஞ்சைகள். அவை பட்ட மரத்தைத் தின்பவை, உங்கள் செடியை அல்ல. ஒரு கைப்பிடிச் சில்லை எடுத்து முகர்ந்து பாருங்கள். முதல் மழைக்குப் பின் மண்ணிலிருந்து எழும் வாசனை வந்தால் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று பொருள்.

மஞ்சள் கூழுக்கு ஃபுலிகோ செப்டிகா என்று பெயர். அது பூஞ்சையே அல்ல. சளிப்பூஞ்சை என்று நாம் அழைத்தாலும் அமீபாவுக்கு நெருங்கிய உறவு. பாக்டீரியாவைத் தின்றுகொண்டு மெதுவாக ஊர்ந்து, ஓரிரு நாளில் காய்ந்து பழுப்புப் பொடியாகிவிடும். காய்ந்த பிறகு கிளறினால் பொடி பறக்கும், ஒவ்வாமை உள்ளவர்களுக்குத் தும்மல் வரும். ஈரமாக இருக்கும்போதே மண்வெட்டியால் அள்ளி ஓரமாகப் போட்டுவிடலாம்.

உண்மையில் எரிச்சல் தருவது இன்னொன்று. ஸ்பீரோபோலஸ் என்ற மிகச் சிறிய பூஞ்சை தன் வித்துப் பொட்டலத்தை வெளிச்சத்தை நோக்கிப் பல அடி தூரம் சுண்டி எறியும். வெள்ளைச் சுவரிலும் வண்டியிலும் கறுப்புப் புள்ளியாக ஒட்டிக்கொண்டால் சுரண்டினாலும் கறை போகாது. சுவரருகே சில்லு வேண்டாம் என்பதற்குக் கரையானோடு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி: மூடாக்குக்குப் போக மீதிச் சில்லு மலைபோல் கிடக்கிறது. இதை மட்கு உரமாக்க முடியுமா? ஓராண்டாகக் குவித்துவைத்தும் கொட்டிய நாளில் இருந்தது போலவே இருக்கிறது.

பதில்: முடியும். உங்கள் குவியலில் இல்லாதவை இரண்டு, தழைச்சத்தும் ஈரமும்.

மட்கு விரைவாக ஆக வேண்டுமென்றால் கலவையில் தழைச்சத்துக்கும் கரிமத்துக்கும் உள்ள விகிதம் ஒன்றுக்கு 25 முதல் 30 வரை இருக்க வேண்டும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிலோ காய்ந்த சில்லில் 500 கிராம் கரிமமும் ஒரு கிராம் தழைச்சத்தும் இருப்பதாகக் கொள்வோம். காய்ந்த எடையில் ஒரு கிலோ இளம்புல்லில் 450 கிராம் கரிமமும் 30 கிராம் தழைச்சத்தும் இருக்கும். இரண்டையும் சேர்த்தால் 950-க்கு 31, அதாவது ஏறக்குறைய முப்பதுக்கு ஒன்று. சரிக்குச் சரி என்று தோன்றினாலும், வெட்டிய புல்லில் ஐந்தில் நான்கு பங்கு நீர் என்பதை மறக்கக் கூடாது. காய்ந்த எடையில் ஒரு கிலோ வேண்டுமென்றால் ஐந்து கிலோ பச்சைப் புல் தேவை. பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். ஒரு வண்டிச் சில்லுக்கு இரண்டு கூடைச் சமையலறைக் கழிவைத் தூவிவிட்டு மட்கவில்லையே என்று வருந்துகிறார்கள்.

இருந்தாலும் இந்தக் கணக்கைக் கல்லில் செதுக்கிவிட வேண்டாம். கட்டைவிரல் கனமுள்ள சில்லின் உள்ளே இருக்கும் கரிமம் நுண்ணுயிருக்கு உடனே எட்டுவதில்லை என்பதால், கணக்கு சொல்வதைவிடக் கொஞ்சம் குறைவான பச்சைப் பொருளே குவியலைச் சூடேற்றிவிடும். புல், களை, பச்சை இலை, புதிய சாணம், கோழி எரு என எது கிடைத்தாலும் அடுக்கடுக்காக வைப்பதைவிட நன்றாகக் கலந்துவிடுவதே மேல். கோழி எரு இருந்தால் அளவைக் குறையுங்கள். அதில் தழைச்சத்து மிகுதி, அம்மோனியா நாற்றம் எழுந்தால் காற்றில் போவது உங்கள் உரம்தான்.

ஈரத்துக்கு ஒரு கைச்சோதனை உண்டு. ஒரு பிடி அள்ளி இறுகப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஓரிரு சொட்டு கசிந்தால் போதும், ஒழுகினால் அதிகம், கை ஈரமாகவே இல்லையென்றால் குறைவு. காய்ந்த சில்லு முதலில் நீரை ஏற்காமல் வழியவிடும், ஆகவே கலக்கும்போதே நனைத்துக்கொண்டு போக வேண்டும்; குவித்த பிறகு மேலிருந்து குழாயைத் திறந்துவிடுவதால் நடுப்பகுதி நனைவதில்லை. ஓராண்டாக அசையாமல் கிடக்கும் உங்கள் மலையின் நடுவைத் தோண்டிப் பாருங்கள், அங்கே காய்ந்த பொடிதான் இருக்கும் என்பது என் ஊகம்.

குவியல் நீளம், அகலம், உயரம் மூன்றிலும் ஒரு மீட்டராவது இருக்கட்டும். அதற்குக் குறைந்தால் உள்ளே பிறக்கிற சூடு வெளியே கசிந்துவிடும். சரியாக அமைந்தால் சில நாட்களிலேயே நடுப்பகுதி 55 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அந்தச் சூட்டில் மூன்று நாட்கள் இருந்தால் நோய்க்கிருமிகளில் பெரும்பாலானவையும் களை விதைகளும் மடியும், ஆனால் விளிம்பில் கிடப்பவை தப்பித்துவிடும் என்பதால்தான் புரட்டிப் போடச் சொல்கிறோம். வெப்பமானி இல்லாதவர்கள் ஓர் இரும்புக் கம்பியைச் செருகி, பத்து நிமிடம் கழித்து உருவித் தொட்டுப் பாருங்கள். பிடித்துக்கொண்டிருக்க முடியவில்லையென்றால் வேலை நடக்கிறது.

இந்தச் சூட்டை அற்பமாக நினைக்க வேண்டாம். பிரான்சின் தென்பகுதியில் ழான் பேன் என்பவர் 1970-களில் புதர்க்காட்டுக் கழிவைச் சில்லாக்கிப் பெரிய மேடுகளாகக் கட்டி, அவற்றுக்குள் சுற்றிவைத்த குழாயில் நீரை ஓடவிட்டு, ஏறக்குறைய 60 டிகிரி வெந்நீர் எடுத்து வீட்டுக்குப் பயன்படுத்திக் காட்டினார். வெந்நீர் அடங்கிய பிறகு மேட்டைப் பிரித்தால் கையில் கிடைத்தது மட்கு!

சூடு அடங்கிய பிறகும் அவசரப்படாதீர்கள். பச்சைப் பொருள் மட்கி, சில்லு கறுத்து, ஆனால் உருக்குலையாமல் இருக்கிற கட்டம் ஒன்று வரும். அதை உரம் என்று நம்பிப் பாத்தியில் கலந்தால் முதல் கேள்விக்காரரின் கதைதான். இன்னும் சில மாதங்கள் ஈரம் காயாமல் கிடக்கவிட்டு, ஒரு செ.மீ. கண்ணுள்ள சல்லடையில் சலியுங்கள். கீழே விழுவது உரம். மேலே நிற்பதை அடுத்த குவியலில் போடுங்கள், பூஞ்சையும் பாக்டீரியாவும் ஏற்கெனவே குடியேறிய அந்தச் சில்லு தயிருக்கு உறைபோல் வேலை செய்யும். சந்தேகம் தீராதவர்கள் சலித்த உரத்தில் பத்து முள்ளங்கி விதை போட்டுப் பார்க்கலாம். நன்றாக முளைத்து, இரண்டு வாரம் பச்சை மாறாமல் நின்றால் பயன்படுத்துங்கள்.

கேள்வி: மூட்டையில் கட்டிவைத்திருந்த சில்லைப் பிரித்ததும் காடி நாற்றம் அடித்தது. இருந்தும் பரப்பினேன். மறுநாளே பூச்செடிகளின் இலை ஓரம் கருகிவிட்டது.

பதில்: காற்றில்லாமல் நனைந்து கிடந்த சில்லு புளித்துவிட்டது. அப்படிப் புளிக்கும்போது அசிட்டிக் அமிலம், மெத்தனால் போன்றவை சேரும். அமில காரச் சுட்டி (pH) 3-க்கும் கீழே இறங்குவதுண்டு. அதிலிருந்து எழும் ஆவிதான் இலையைச் சுட்டிருக்கிறது. உடனே வாரி எடுத்து, செடிகள் இல்லாத இடத்தில் மெல்லியதாகப் பரப்பி, நீரைப் பீய்ச்சிக் கழுவி, நாற்றம் போகும்வரை சில நாட்கள் காற்றாட விடுங்கள். மண்ணையும் நிறைய நீர் விட்டு அலசிவிடுங்கள். செடிகள் பெரும்பாலும் மீண்டுவிடும். நல்ல சில்லு மண்ணைப் புளிப்பாக்கிவிடும் என்ற பேச்சும் உலவுகிறது. மேலே பரப்பிய சில்லால் மண்ணின் அமிலத்தன்மை பொருட்படுத்தத்தக்க அளவு மாறுவதில்லை.

கேள்வி: எந்த மரமாக இருந்தாலும் சரியா? தைல மரச்சில்லு கிடைக்கிறது. உடைந்த மேசை நாற்காலிகளையும் சில்லாக்கலாமா?

பதில்: இரண்டாவதற்கு முதலில் பதில்: கூடாது. வண்ணம் பூசியது, ஒட்டுப்பலகை, பசையிட்டு அழுத்திய பலகை எதுவும் தோட்டத்துக்கு ஆகாது. வெளியில் கிடந்தும் உளுத்துப்போகாத, இளம்பச்சைச் சாயல் கொண்ட பழைய பலகை என்றால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். குரோமியம், செம்பு, ஆர்சனிக் மூன்றும் சேர்ந்த மருந்தை மரத்துக்குள் ஏற்றும் முறை நெடுங்காலம் வழக்கில் இருந்தது. அமெரிக்காவில் வீட்டு உபயோக மரங்களுக்கு அதைப் பயன்படுத்துவது 2003 இறுதியோடு நிறுத்தப்பட்டாலும், அதற்கு முன் அடித்த பலகைகள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன.

தைல மரச்சில்லில் முளைப்பைத் தடுக்கும் பொருட்கள் உண்டு. வளர்ந்த மரங்களுக்கு அடியிலும் நடைபாதையிலும் தாராளமாகப் போடலாம். நாற்றங்காலுக்கும் விதைப் பாத்திக்கும் போடுவதானால் சில மாதம் குவித்து நனைத்து ஆறவிட்ட பிறகு போடுங்கள். நோயால் பட்ட மரத்தின் சில்லைச் சூடேறும் குவியலில் மட்கவைப்பதே பாதுகாப்பு.

நான் தேர்ந்தெடுப்பதாக இருந்தால் அடிமரத்தை விட்டுச் சிறுகிளைகளைக் கேட்டு வாங்குவேன். கனடாவின் கியூபெக்கில் உள்ள லாவால் பல்கலைக்கழகத்தில் ஜில் லெமியூவும் அவருடைய குழுவினரும் இதைப் பற்றியே பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். 7 செ.மீ.க்குக் குறைந்த விட்டமுள்ள கிளைகளில் மொட்டும் பட்டையும் இளம் திசுவும் மிகுதி என்பதால் தழைச்சத்து அடிமரத்தைவிடப் பல மடங்கு அதிகம். அந்த முறையில் சில்லை மேல்மண்ணில் ஓரிரு அங்குலம் கலக்கவும் செய்கிறார்கள். ஆனால் கலந்ததும் பயிர் வைப்பதில்லை, மாதக்கணக்கில் பொறுத்திருந்துதான் வைக்கிறார்கள். என் விதிக்கு நான் ஒப்புக்கொள்கிற ஒரே விலக்கு இது.

கேள்வி: காய்கறிப் பாத்தியில் சில்லு கிடந்தால் விதைப்பது எப்படி? தொட்டிச் செடிக்கும் போடலாமா?

பதில்: விதைக்கும் வரிசையில் சில்லை இரு பக்கமும் ஒதுக்கி, வெறும் மண்ணில் விதையுங்கள்; நாற்று ஒரு சாண் உயரம் வந்ததும் திரும்ப அணைத்துவிடுங்கள். கீரைபோல் நெருக்கமாக விதைத்து அடிக்கடி அறுக்கிற பாத்தியில் சில்லு இடைஞ்சல்தான். அங்கே சலித்த மட்கே போதும். கிழங்கு தோண்டும்போதும் பாத்தியைக் கொத்தும்போதும் சில்லை முதலில் வாரி ஓரமாகக் குவித்துவிட்டுத் தொடங்குங்கள், இல்லையென்றால் தெரியாமலே உள்ளே கலந்துவிடும். தொட்டியில் மேலே இரண்டு மூன்று செ.மீ. போடலாம். மண்கலவையோடு சேர்க்க வேண்டாம். தொட்டியின் சிறிய மண்ணுக்குத் தழைச்சத்துப் பஞ்சம் தாங்காது, சில்லு மட்கும்போது கலவையும் இறங்கிவிடும்.

கேள்வி: குவித்து, நனைத்து, புரட்டிப் போட எனக்கு உடம்பில் தெம்பு இல்லை. சுலபமான வழி ஏதும் உண்டா?

பதில்: உண்டு, நான் இப்போது செய்வதும் அதுதான். பாத்திகளுக்கு இடையே உள்ள நடைபாதையில் 15 செ.மீ. கனத்துக்குச் சில்லைப் பரப்பி அதன்மேல் நடங்கள். கால் மிதி சில்லை நொறுக்கும், பாத்திக்கு ஊற்றும் நீரில் கசிவது பாதையை நனைக்கும், கீழிருந்து மண்புழு ஏறி வரும். மரத்தின் வகையையும் ஈரத்தையும் பொறுத்து ஓராண்டிலோ இரண்டு ஆண்டிலோ மேல் அடுக்கை ஒதுக்கிவிட்டுப் பாருங்கள். அடியில் கறுப்பாக, பொலபொலவென்று, மரத்தின் அடையாளமே தெரியாத பொடி இருக்கும். அதை வாரிப் பாத்தியில் போட்டுவிட்டு, ஒதுக்கிய சில்லைப் பாதையிலேயே இறக்கி, மேலே புதுச் சில்லைக் கொட்டுங்கள். சென்ற முறை நான் வாரியபோது ஒவ்வொரு மண்வெட்டியிலும் நான்கைந்து மண்புழு நெளிந்தது, அவற்றையும் சேர்த்தே பாத்தியில் போட்டேன்.